செவி கொடுக்கும் செவிலியர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. முறிந்த எலும்புக்குக் கட்டு உண்டு. கலங்கிய மனத்திற்கு மருந்து எது? மாத்திரையோடு, நோயாளியிடம் நாம் பழகும் முறையும் ஒரு மருந்தே என்கிறது மனநலச் செவிலியம்.

இதனை விளக்கி 1952ஆம் ஆண்டில் நூல் எழுதியவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் உயிர்நாடி என்றார் அவர். முதலில் அறிமுகம், பிறகு நம்பிக்கையோடு சேர்ந்து உழைத்தல், இறுதியில் நோயாளியைத் தம் காலில் நிற்கவைத்து விடைபெறுதல். இவையே அவ்வுறவின் படிகள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். கோவில்பட்டியில் பலரையும் போலத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். கணவர் இறந்தபின் தனியே பேசத் தொடங்கினார். நாங்கள் கேலி செய்துவிட்டு ஓடுவோம், நானும் ஓடியிருக்கிறேன். ஒருநாள் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற என் தாயாருடன் நானும் போனேன்.

அங்கிருந்த செவிலியர் அவர் எதிரே அமர்ந்தார். “அக்கா, உங்க பேர் என்ன?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். “அவர் குரல் கேக்குது” என்றார் பெரியம்மா. “அப்படி எதுவும் இல்லை” என்று அச்செவிலியர் மறுக்கவில்லை. “ஆமாம்” என்று பொய்யும் சொல்லவில்லை. “எனக்குக் கேக்கலைக்கா. ஆனா உங்களுக்குக் கேக்குது. அப்போ பயமா இருக்குமா?” என்றார். பெரியம்மா அழுதார். பல மாதங்களாக அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குறுக்கிடாமல் கேட்டல், குரலைத் தாழ்த்திப் பேசுதல், சொன்ன நேரத்திற்கு வருதல், இரகசியம் காத்தல் ஆகியன மனநலச் செவிலியர் பயிலும் பண்புகள். ஆயினும் உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இப்பண்புகள் இல்லாத இடத்தில் சங்கிலி வருகிறது. நம் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது.

நல்வழி காட்டியவர்களும் நம் மாநிலத்தில் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கினார். நோயாளிகளின் மறுவாழ்வுக்காக 1984இல் ‘ஸ்கார்ப்’ நிறுவனத்தைத் தொடங்கினார்.

தோழியரே! வெடித்த கரிசல் மண்ணும் முதல் மழைக்கு இளகிவிடும். மனமும் அப்படியே. பெரியம்மா இன்று மருந்து உண்டு, மீண்டும் வேலைக்குச் செல்கிறார். மாலையில் அவரைக் கண்டால் நான் ஓடுவதில்லை, “சாப்பிட்டீங்களா பெரியம்மா?” என்று நின்று கேட்கிறேன். செவிலியர் ஆகாமலே நாம் செய்யக்கூடிய சேவை இது. ‘பைத்தியம்’ என்ற சொல்லை இன்றே நம் நாவிலிருந்து நீக்குவோமாக!