கணிப்பொறிப் பாடம்: பிரிந்த அழைப்புகள் சேர்ந்த கதை

தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குள் நுழைந்த நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1998 நவம்பரில் தனியாருக்கும் வழி திறந்தது. அடுத்த ஆண்டு மும்பையில் அப்படியொரு சிறு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தேன். அங்கே நான் செய்த ஒரு தவறுதான் இந்த இதழின் பாடம்.

மாதுங்காவில் அச்சகம் நடத்திய நெல்லைக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். தினமும் மாலையில் பக்கங்களைச் சென்னைக்கு அனுப்புவார். அதற்காகவே ஐ.எஸ்.டி.என். இணைப்பு வாங்கியிருந்தார். அதில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டு; சேர்த்துப் பயன்படுத்தினால் 128. ஒருநாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காலையில பாஞ்சு போவுது, சாயங்காலம் நொண்டுது. பில்லு மட்டும் ரெண்டு தடத்துக்கும் வருது. இது என்ன கணக்கு?"

"பார்த்துச் சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். விடை தெரியவில்லை.

இரு தடங்களை ஒன்றாக்கும் முறைக்கு மல்டிலிங்க் என்று பெயர். 1996-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 1990 இதன் விதிகளைச் சொல்கிறது. அனுப்பும் செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, இரு தடங்களிலும் அனுப்புவார்கள். மறுமுனை எண்படி அடுக்கிக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது தாதர் நிலையத்தில் மூட்டைகளுக்கு எண் போட்டு இரு போர்ட்டர்களிடம் கொடுப்பதைப் போல. இருவரும் ஒரே பெட்டிக்கு வந்தால் சரி. ஒருவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டால்?

எங்களிடம் நடந்தது அதுதான். அழைப்புகளை ஏற்கும் சர்வர்கள் மூன்று; ஒவ்வொன்றிலும் 30 தடங்கள்; வெளியே ஒரே எண். முதல் சர்வர் நிரம்பினால் அழைப்பு அடுத்ததற்குப் போகும். காலையில் கூட்டமில்லை, அண்ணாச்சியின் இரு அழைப்புகளும் ஒரே சர்வரில் இறங்கின. மாலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இடம் காலியாகும். முதல் அழைப்பு ஒன்றில், இரண்டாவது வேறொன்றில். சேர வழியில்லாமல் இரண்டாவது அறுந்துவிடும். அவர் கருவி விடாமல் திரும்ப அழைக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணம் ஏறும்.

இதற்கு மருந்து உண்டு. சிஸ்கோ சர்வர்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கலாம். எஸ்.ஜி.பி.பி. என்ற முறையில் அவை தமக்குள் ஏலம் கேட்கும். ஓர் அழைப்பு வந்ததும், அதை ஏற்ற சர்வர் பயனர் பெயரை அறிந்துகொண்டு, "இவருடைய இணைப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று மற்றவற்றைக் கேட்கும். அவருடைய முதல் அழைப்பை ஏற்கெனவே வைத்திருக்கும் சர்வர் மிக உயர்ந்த தொகை கேட்டு ஏலத்தை எடுக்கும். உடனே இரண்டாவது அழைப்பு, எல்2எஃப் எனும் சுரங்கவழி மூலம் அந்த சர்வருக்கே அனுப்பப்படும். இரு அழைப்பும் அங்கே ஒன்றாகும்.

இதற்கு மூன்று நிபந்தனைகள். எல்லாவற்றிலும் குழுப்பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். குழுவின் கடவுச்சொல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மற்ற எல்லா உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும்.

ஏலமுறையை நான் முன்பே அமைத்திருந்தேன். பிறகு ஏன் நொண்டியது? குழுவின் நிலையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பழைய இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. மூன்றாவது மட்டும் சேரவே இல்லை. அது இரு மாதங்களுக்கு முன் வாங்கியது. அதில் பழைய இரண்டின் பெயரையும் எழுதியிருந்தேன். பழையவற்றில் புதியதன் பெயரை எழுத மறந்துவிட்டேன்! அறிமுகமில்லாத ஆளை அவை உள்ளே விடவில்லை. இரு சர்வர்களிலும் ஆளுக்கொரு வரி சேர்த்தேன். அன்று மாலையே இரு தடங்களும் சேர்ந்து ஓடின.

அண்ணாச்சியிடம் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். "ரெண்டு மாச பில்லுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் மேலாளரிடம் பேசி, அடுத்த இரு மாத இணையக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தேன்.

அந்த சர்வர்களின் காலம் போய்விட்டது. ஆனால் பல வழிகளை ஒன்றாக்கும் எண்ணம் போகவில்லை. வைஃபையையும் செல்பேசி இணைப்பையும் சேர்த்துப் பயன்படுத்தும் மல்டிபாத் டி.சி.பி. முறை 2013-ல் ஆர்.எஃப்.சி. 6824 ஆக வெளிவந்தது. கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு: குழுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், பழையவற்றிலும் போய் எழுதுங்கள். சோதனையைக் காலையில் மட்டும் செய்யாதீர்கள்; கூட்டம் நிறைந்த மாலையிலும் செய்யுங்கள்.