'முழுத் திருப்தி' என்ற வரியில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் சிறிய சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறோம். பல கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு, நோயாளிகள் ரிப்போர்ட்டை மொபைலிலேயே பார்க்க ஓர் ஆப் செய்து தருகிறோம். அவர்கள் அனுப்பிய தேவைப் பட்டியலில், "ஆப் பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும், நோயாளிகள் முழுத் திருப்தி அடைய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. கடைசித் தவணையான 20 சதவீதப் பணத்தை அதோடு கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்கிறார் என் பார்ட்னர். என்ன செய்யலாம், மேடம்?

– ஒரு வாசகர், கோவை

பதில்: எடுக்கச் சொல்லாதீர்கள், இப்படியே கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். மற்ற வரிகளெல்லாம் ஆப் என்ன செய்யும் என்று சொல்கின்றன. எதற்காகப் பணம் செலவழிக்கிறார்கள் என்பதைச் சொல்வது இந்த ஒரு வரிதான். அதை அடித்துவிட்டால், கேட்டதையெல்லாம் செய்து கொடுத்த பிறகும் "நாங்கள் நினைத்தது இது இல்லையே" என்ற பேச்சு வரும்.

முதலில் அந்த வரியை எழுதியவர் யார் என்று கண்டுபிடியுங்கள். திருப்தி என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால் திணறுவார். "கடைசியாக உங்களிடம் யார் சத்தம் போட்டார், எதற்கு?" என்று கேளுங்கள், கொட்டிவிடுவார். பிறகு ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு கிளையின் ரிசப்ஷனில் உட்காருங்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் போன பிறகு போன் அடிக்கத் தொடங்கும். "ரிப்போர்ட் வந்துருச்சாம்மா?" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. ஐந்து மணிக்கு வரும் என்று சொல்லியிருப்பார்கள். டாக்டர் கையெழுத்துக்காக அது ஆறு மணி வரை காத்திருக்கும். அது நோயாளிக்குத் தெரியாது. அப்பாவின் ரிப்போர்ட்டை மகள் பார்க்க வேண்டியிருக்கும். ஓடிபியோ ஊரில் இருக்கும் அப்பாவின் போனுக்குப் போகும். அதிருப்தி இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு தேவையாக எழுதிவிடலாம்.

எழுதுவதற்கு டாம் கில்ப் வகுத்துத் தந்த முறை எனக்குப் பிடித்தது. எதை அளக்கிறோம், எப்படி அளக்கிறோம், இன்று எந்த நிலையில் இருக்கிறது, எங்கே போக வேண்டும், எதைத் தாண்டினால் தோல்வி என்று ஒவ்வொரு தரத்துக்கும் எழுத வேண்டும். நம் ஊர் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது 'இன்றைய நிலை'. ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, ரிப்போர்ட்டைக் கேட்டு வரும் அழைப்புகளை இரண்டு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். 100 நோயாளிகளுக்கு 40 அழைப்பு என்று வந்தால், இலக்கு 15, தோல்வி 25-க்கு மேல் என்று பேசி முடிக்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், நோட்டு சொல்வதை வைத்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

'எளிது' என்பதையும் இப்படியே பிடிக்கலாம். ஆப்பை இதுவரை பார்த்திராத 20 பேர், அதில் பாதிப்பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், இரண்டு நிமிடத்துக்குள், 18 பேராவது தங்கள் ரிப்போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். சோதிப்பவர் ஒரு வார்த்தை உதவினாலும் அது தோல்விக் கணக்கு.

இவ்வளவு செய்தாலும் ஒருவருக்கு ஆப் பிடிக்காமல் போகலாம். பிடித்ததா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். என்ற பத்து வாக்கிய வினாத்தாள் இதற்குப் போதும். நல்ல தமிழில் மாற்றி, நாலு பேரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மதிப்பெண் 0 முதல் 100 வரை வரும். அது சதவீதம் ஆகாது. சராசரி 68 என்பார்கள், அதனால் 70 கிடைத்தால் சுமார்தான் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிடித்தால்தான் பணம் என்று ஆகிவிட்டால், திருப்தியாக இருப்பவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்கும் ஆசை வரும். யாரிடம், எப்போது கேட்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது அதற்காகத்தான்.

"மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை கேட்கும் என்.பி.எஸ். மதிப்பெண்ணை அவர்கள் கொண்டுவந்தால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-இல் அதை முன்வைத்தது ஒரு நிறுவனத்தின் மீது வாடிக்கையாளருக்கு உள்ள பற்றை அளக்க. ஊசி இரண்டு தரம் குத்தினார்கள், பார்க்கிங் இல்லை, கட்டணம் அதிகம் என்ற எல்லாக் கோபமும் அந்த ஒரே எண்ணில் வந்து விழும். லேபின் நிர்வாகத்துக்கு அது பயன்படட்டும். உங்கள் பணத்தை அதில் கட்டுவது அநியாயம்.

ஆகவே வரியை இரண்டாகப் பிரியுங்கள். நோயாளிகளின் திருப்தி இரு தரப்புக்கும் பொதுவான நோக்கமாக ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து, நோட்டையும் வினாத்தாளையும் வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 20 சதவீதப் பணத்தை 20 பேர் சோதனையோடும், கையெழுத்தான ரிப்போர்ட் இத்தனை நிமிடத்தில் போனுக்குப் போக வேண்டும் என்பதோடும் மட்டும் இணையுங்கள். சோதனையில் தோற்றால் உங்கள் செலவில் திருத்தி, புதிய 20 பேரை வைத்து மறுபடி நடத்துவதாக எழுதிக்கொடுங்கள். அவர்களுக்கும் அது தைரியம் தரும்.

லேப் செய்ய வேண்டியதையும் அதே தாளில் சேருங்கள். டாக்டர் கையெழுத்து எத்தனை மணிக்குள் ஆக வேண்டும், தாமதமானால் அதை ஆப்பில் யார் பதிவு செய்வது, ரத்தம் எடுக்கும்போதே மொபைல் எண்ணைத் திருப்பிப் படித்துச் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஓர் இலக்கம் தப்பினாலும் ரிப்போர்ட் வேறு யார் போனுக்கோ போய்விடும். ரிசப்ஷனில் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.