இரத்தத்தில் மறைந்திருப்பவை

மும்பையில் பயிலும் தமிழ் மாணவர்களில் பரேல் வழியாக ஒரு முறையேனும் செல்லாதவர் இலர். அங்கே 1926-ஆம் ஆண்டு முதல் கே.ஈ.எம். மருத்துவமனையும், அதனோடு இணைந்த சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகின்றன. மாநகராட்சி நடத்தும் அம்மருத்துவமனையை அறியாதார் இல்லை. ஆனால் அதே வளாகத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இம்யூனோஹெமட்டாலஜி என்னும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறியோம். பெயர் நீளமானது, பொருள் எளியது. இரத்தப் பிரிவுகளையும், இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்களையும், பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறுகளையும் ஆராய்வதே அதன் பணி.

அறிவியல் மாணவர் மட்டும் படித்துக்கொள்ள வேண்டிய செய்திதானே இது என்று நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலோர்க்குத் திருமணம் நடக்க இருக்கிறது. அதற்கு முன் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பாடம் அங்கே இருக்கிறது. உடல்நலம் நிறைந்த ஒருவரின் இரத்தத்திலும் அவரே அறியாத ஒரு குறை மறைந்திருக்கக் கூடும் என்பதே அப்பாடம்.

பம்பாய்ப் பிரிவு

இரத்தப் பிரிவுகள் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. இந்நான்கிலும் அடங்காத ஒரு பிரிவு பரேலில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய துணைவர்களும் சிலருடைய இரத்தத்தில் ஒரு விந்தையைக் கண்டனர். வழக்கமான சோதனையில் அவ்விரத்தம் ஓ பிரிவாகவே தோன்றியது. ஆயினும் அவர்களுடைய ஊநீர், ஓ பிரிவுச் செவ்வணுக்களையும் திரளச் செய்தது! லண்டன் ஆய்வாளர்களான ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோரும் ஆராய்ச்சியில் சேர்ந்தனர். 1952-இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. அன்று முதல் உலக மருத்துவ நூல்களில் இந்நகரின் பெயர் இரத்தத்தோடு சேர்ந்தே வழங்குகிறது. ஊர்ப் பெயர் மும்பை என மாறிய பிறகும் இரத்தத்தின் பெயர் பம்பாய்ப் பிரிவுதான்.

ஐந்தாண்டு கழித்து, 1957-இல், இரத்தப் பிரிவு ஆய்வு மையமாகத் தோன்றியதே இன்றைய நிலையம். கண்டுபிடிப்பில் பங்குகொண்ட டாக்டர் எச்.எம். பாட்டியா பின்னர் அதற்கு இயக்குநராகவும் இருந்தார்.

இவ்விந்தைக்குக் காரணம் என்ன? செவ்வணுவின் மேற்பரப்பில் சர்க்கரைப் பொருள்களாலான சிறு சங்கிலிகள் உள்ளன. அச்சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை சேர்ந்தால் அதற்கு எச் பொருள் என்று பெயர். அந்த எச் பொருளின் மேல்தான் ஏ பிரிவினர்க்கு ஒரு சர்க்கரையும் பி பிரிவினர்க்கு வேறொரு சர்க்கரையும் வந்து சேர்கின்றன. சுவரில் அடித்த ஆணியில் சட்டையை மாட்டுவதுபோல் இதை எண்ணிக் கொள்ளலாம். எச் என்பது ஆணி. ஏ ஒரு சட்டை. பி மற்றொரு சட்டை. ஓ பிரிவினரிடம் ஆணி உண்டு, சட்டை இல்லை. பம்பாய்ப் பிரிவினரிடம் ஆணியே இல்லை. ஆகவே சட்டை கையில் இருந்தாலும் மாட்ட இடமில்லை.

எச் பொருள் இல்லாத உடல், அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. எச் பொருள் மிகுதியாக இருப்பதோ ஓ பிரிவுச் செவ்வணுக்களில். எனவே பம்பாய்ப் பிரிவினர்க்கு ஓ இரத்தம் செலுத்தினால் அச்செவ்வணுக்கள் உடலினுள்ளேயே சிதைந்து உயிருக்கு இடர் நேரும். ஓ பிரிவு எல்லார்க்கும் கொடுக்கலாம் என்று நாம் மனப்பாடம் செய்த விதி இவர்களிடம் செல்லாது. இவர்களுக்கு ஏற்றது பம்பாய்ப் பிரிவு இரத்தம் ஒன்றே. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இப்பிரிவினர் என்பர். ஐரோப்பாவில் 10 லட்சம் பேரில் ஒருவர்.

இதை எவ்வாறு கண்டுபிடிப்பது? எங்கள் வகுப்பில் கண்ணாடித் தகட்டில் மூன்று துளி இரத்தம் வைத்து, மூன்று வகை எதிர்ப்பொருள் கலந்து பார்ப்போம். அந்தச் சோதனையில் நான் ஓ பிரிவு. ஆனால் அது பாதிச் சோதனைதான். இரத்த வங்கியில் எதிர்முகச் சோதனையும் செய்வார்கள். அதாவது, நம் ஊநீரை எடுத்து, பிரிவு தெரிந்த செவ்வணுக்களோடு கலந்து பார்ப்பார்கள். அங்கே ஓ செவ்வணுக்களும் திரண்டால் ஐயம் பிறக்கும். ஊலெக்ஸ் என்னும் முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சாறு எச் பொருளைத் தேடிப் பற்றும் இயல்புடையது. அதைக்கொண்டு ஐயத்தைத் தீர்ப்பார்கள். உதகை மலைச்சரிவுகளில் மஞ்சட் பூப் பூத்துப் புதராய் மண்டிக் கிடக்கும் ஐரோப்பியச் செடிதான் அது. ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டது. இன்று அங்கே களையாகிவிட்டது.

பாதிக் கூறுகள் இரண்டு

ஒவ்வொரு மரபுக் கூறும் நமக்கு இரண்டு படிகளாக வருகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. எச் பொருளை உண்டாக்க ஒரு நல்ல படி போதும். ஒரு படி பழுதாகவும் மற்றது நல்லதாகவும் உள்ளவர் எல்லாச் சோதனையிலும் மற்றவரைப் போன்றே இருப்பார். இவரைத் தாங்கி என்பர். தாங்கியும் தாங்கியும் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பழுதுப் படிகளும் வந்து சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் ஒருவர் பம்பாய்ப் பிரிவு என்றால், தாங்கிகள் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். நான் ஒரு தாங்கி என்று வைத்துக்கொள்வோம். உறவல்லாத ஒருவரை மணந்தால் அவரும் தாங்கியாக இருக்க வாய்ப்பு 50-இல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்தால், பாட்டன் பாட்டி வழியாக அதே பழுது அவருக்கும் வந்திருக்க வாய்ப்பு 8-இல் ஒன்று. அக்காள் மகளை மணக்கும் வழக்கத்திலோ அது 4-இல் ஒன்று. இவற்றை நான்கால் வகுத்தால் குழந்தைக்கு நேரும் வாய்ப்பு முறையே 200-இல் ஒன்று, 32-இல் ஒன்று, 16-இல் ஒன்று என வரும்.

இக்கணக்கு நமக்கு ஏன்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் இரத்த உறவில் நடந்தவை. எனக்கு வயது 23. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்ற பேச்சு என் காதிலும் விழுகிறது. உங்கள் வீட்டிலும் இப்பேச்சு நடக்கும். பெரியவர்களின் அன்பை நான் குறை கூறவில்லை. அன்போடு ஒரு சோதனையும் சேரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

தலசீமியாவும் அரிவாளணு நோயும்

பம்பாய்ப் பிரிவினர் நோயாளிகள் அல்லர்; இரத்தம் தேவைப்படும் வேளையில்தான் அவர்களுக்கு இடர். இதே மரபு விதியின்படி வரும் கொடிய நோய்கள் இரண்டு உள்ளன.

ஒன்று தலசீமியா. செவ்வணுவில் உயிர்வளியைச் சுமப்பது ஈமோகுளோபின். அதன் பீட்டா இழையைச் செய்யும் மரபுக் கூறு இரு படிகளிலும் பழுதானால் குழந்தை பிறந்த சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒரு முறை வாழ்நாள் முழுதும் இரத்தம் செலுத்த வேண்டும். செலுத்தும் இரத்தத்தோடு இரும்பும் உடலில் சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். அதை வெளியேற்ற நாள்தோறும் மருந்து வேண்டும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் குணப்படுத்த இயலும். இந்தியாவில் அச்சிகிச்சை முதன்முதல் 1983-இல் நடந்ததும் பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில்தான். ஆனால் பொருந்தும் மச்சை கிடைப்பதும், செலவைத் தாங்குவதும் எல்லார்க்கும் இயல்வதன்று. நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் தலசீமியாத் தாங்கிகள் என்று மதிப்பிடுகின்றனர். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி வகுப்பினர் சிலரிடையே இது மிகுதி; ஆனால் எந்த வகுப்பினர்க்கும் வரக்கூடியதே.

மற்றொன்று அரிவாளணு நோய். அதே பீட்டா இழையில் ஆறாம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் உயிர்வளி குறையும்போது செவ்வணு அரிவாள்போல் வளைந்து நுண்ணிய குழாய்களை அடைக்கிறது. பொறுக்கவொண்ணா வலி உண்டாகிறது. இந்நோய்க் கூறு இந்தியாவிலும் இருப்பதை, பம்பாய்ப் பிரிவு வெளியான அதே 1952-இல், லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டு அறிவித்தனர். மராட்டிய மாநிலத்தில் கட்சிரோலி, சந்திரபூர், நந்துர்பார் முதலிய மாவட்டங்களில் இந்நோய் மிகுதி. அதனால் பரேல் நிலையம் சந்திரபூரிலும் ஒரு மையத்தை நடத்துகிறது. 2023-இல் இந்திய அரசு தொடங்கிய அரிவாளணு நோய் ஒழிப்புத் திட்டம், 7 கோடிப் பேரைச் சோதித்து 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

இக்கூறுகள் ஏன் அழியாமல் நிலைத்தன? தாங்கிகளை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா மிகுந்த நிலங்களில் நம் முன்னோர் உயிர் பிழைக்க இவை உதவின. ஆகவே இது பாவமும் அன்று, சாபமும் அன்று.

சோதனையும் துணையும்

தாங்கியைக் கண்டறிவது கடினமன்று. சிறிதளவு இரத்தம் போதும். முதலில் செவ்வணுக்களின் எண்ணிக்கையையும் பருமனையும் பார்க்கின்றனர். தலசீமியாத் தாங்கியின் செவ்வணு சிறியதாக இருக்கும். பின்னர் எச்.பி.எல்.சி. என்னும் கருவியால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கின்றனர். ஏ2 என்னும் வகை நூற்றுக்கு 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் பெரும்பாலும் தாங்கியே. அரிவாளணுக் கூறு இருந்தால் அதுவும் அதே சோதனையில் வெளிப்படும். இரும்புச் சத்துக் குறைவிலும் செவ்வணு சிறுக்கும். ஏ2 அளவும் சற்றுத் தாழலாம். ஆகவே ஐயம் இருப்பின் இரும்பின் அளவையும் பார்ப்பார்கள். தாங்கி என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவோரும் உளர். அவர்களுக்கும் இச்சோதனை பயன்படும்.

கணவன் மனைவி இருவரும் தாங்கிகள் எனத் தெரிந்தால், கருவுற்ற 10 முதல் 12 வாரத்திற்குள் நச்சுக்கொடித் திசுவிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, டி.என்.ஏ. சோதனையால் கருவின் நிலையை அறியலாம். பரேல் நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. சோதனையைவிட அரிய பணி ஒன்றும் அங்கே உண்டு. தம்பதியரை அமர வைத்து, நான்கில் ஒரு பங்கு என்றால் என்ன என்று பொறுமையாக விளக்குவதே அது. முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று, ஒவ்வொரு கருவிலும் வாய்ப்பு அதேதான்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, திருமணப் பேச்சு எழும் முன்பே எச்.பி.எல்.சி. சோதனை ஒன்றைச் செய்துகொள்வோம். வாழ்நாளில் ஒரு முறை போதும். நாம் தாங்கி அல்லர் எனத் தெரிந்தால் கவலை இல்லை. தாங்கி எனத் தெரிந்தால், மணக்க இருப்பவரும் சோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. உறவில் மணம் பேசினால் இது இன்னும் இன்றியமையாதது. பெண்ணை மட்டும் சோதிப்பது முறையன்று. பிறந்த குழந்தையின் நோய்க்கு மருமகளைப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. இரு படிகளில் ஒன்று தந்தை தந்தது என்பதை அறிவியல் ஐயமின்றிச் சொல்கிறது. நம் வீடுகளில் இதை நாம்தான் எடுத்துரைக்க வேண்டும்.

இரண்டாவது, இரத்தம் கொடுப்போம். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும், 12.5 கிராம் ஈமோகுளோபினும் உடைய நலமுள்ள எவரும் கொடுக்கலாம். ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும், பெண்டிர் நான்கு மாதத்திற்கு ஒரு முறையும் கொடுக்கலாம். விபத்து நேர்ந்தவர்க்கு ஒரு நாள் தேவை. தலசீமியாக் குழந்தைக்கு மாதந்தோறும் தேவை. தேர்வுக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் கல்லூரி முகாம்கள் நடைபெறா. குழந்தைகளின் தேவையோ நிற்பதில்லை. நம் மன்றத்தார் முறை வைத்துக் கொண்டு அம்மாதங்களில் சென்றால் அது பெருந்துணையாகும்.

மூன்றாவது, நம் இரத்தப் பிரிவை இருமுகச் சோதனையால் உறுதி செய்துகொள்வோம். இரத்தம் கொடுக்கும்போது இரத்த வங்கியில் அது தானே நடந்துவிடும். நம்முள் எவரேனும் பம்பாய்ப் பிரிவினராக இருந்தால், அவர் பெயரை அரிய பிரிவினர் பட்டியலில் பதிவு செய்வது அவருக்கும் காப்பு, அவரைப் போன்ற மற்றவர்க்கும் காப்பு. உடன் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர்க்கும் அதே பிரிவு இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

சாதகம் பார்ப்பதற்கு எத்தனையோ நாள் செலவிடுகிறோம். இரத்தம் பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது செலவிட மனம் வரவேண்டும். இப்பருவத் தேர்வுகள் முடிந்ததும் நம் மன்றத்திலிருந்து பத்துப் பேராவது சேர்ந்து சென்று சோதித்துக்கொள்வோமா? வருவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம். முதற்பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.