சிறு சொல்லும் ஹிம்சையே



ஹிம்சை என்றதும் கத்தியும் குருதியுமே நம் நினைவுக்கு வருகின்றன. எறும்பை மிதியாது நடக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். பொழுது சாயுமுன் உண்கின்றோம். ஆனால் நாள்தோறும் நம் நாவினின்று உதிரும் சிறு சொற்களை வடிகட்டுகின்றோமா? இப்பாடம் அதனைப் பற்றியதாகும்.

கடையில் எழுந்த வினா

விருதுநகரினின்று அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ளது பாலவனத்தம். 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தாராக விளங்கியவர். குறண்டியைக் காணச் சென்ற நான் இவ்வூர்த் தேநீர்க் கடை ஒன்றில் சற்றே இளைப்பாறினேன். நான் ஜைனன் என்று அறிந்ததும் கடைக்காரப் பெரியவர், “ஐயா சேட்டுங்களா? தமிழ் நல்லாப் பேசுறீகளே! எந்தக் காலத்துல இங்கிட்டு வந்தீக?” என்று வினவினார். அவர் உள்ளத்தில் பகை சிறிதும் இல்லை. தேநீருக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். ஆயினும் அவ்வினா என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. என் முன்னோர் வந்தவாசிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள்.

கல் கூறும் விடை

அவர் வினாவுக்கு அவ்வட்டாரக் கற்களே விடை கூறும். வெண்பு நாட்டுக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் சிறந்து விளங்கிற்று. குறண்டி அஷ்டோபவாசி பட்டாரரின் மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணமலையில் பொறிக்கப்பட்டுள்ளன. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவன் கோயிற் கல்வெட்டுகளிலும் இப்பள்ளி குறிக்கப்பெறுகிறது. கோவிலாங்குளத்துக் கல்வெட்டு, முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் அங்கிருந்த முக்குடையார் கோயிலைக் கூறுகிறது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஜைனர் 89,265 பேர். இம்மண்ணின் பழங்குடிகளும், வடபுலத்தினின்று வணிகத்தின் பொருட்டு வந்து தலைமுறைகளாய் வாழ்வோரும் இத்தொகையில் அடங்குவர். கடைவீதியில் பின்னவரையே மிகுதியாகக் கண்ட பெரியவர், ஜைனர் அனைவரும் அவரே என்று கருதிவிட்டார். சிலரைக் கண்டு பலரை அளப்பதே இக்குற்றத்தின் பிறப்பிடம்.

என் பிழை

பெரியவரிடம் இவற்றையெல்லாம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தேன். அதே பலகையின் ஓரத்தில் நூற்பாலையில் பணிபுரியும் வடநாட்டு இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரைச் சுட்டி, “இவங்களுக்கெல்லாம் தமிழ் புரியுமா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். “புரியும் ஐயா. அஞ்சு வருசமா இங்கதான் இருக்கேன்” என்று அவ்விளைஞரே விடை பகர்ந்தார். நான் நாணித் தலைகுனிந்தேன். என்னைத் தைத்த முள்ளை அரை நாழிகைக்குள் பிறர்மீது நானே எறிந்துவிட்டேன்!

பின்னர் மற்றொன்றும் விளங்கிற்று. “நாங்கள் பழையவர்கள்” என்று கல்லைக் காட்டி நான் வாதாடியபோது, புதிதாய் வந்தோர்க்கு மதிப்புக் குறைவு என்பதை அறியாமலே ஒப்புக்கொண்டேன். கல்வெட்டு உண்மையே. ஆயினும் ஒருவர் மதிக்கப்பெற ஆயிரம் ஆண்டுச் சான்று தேவையில்லை.

ஆகமம் கூறுவது

“தீய எண்ணத்தோடு கூறவில்லையே” என்பது நமக்கு விடையாகாது. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அதனால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகைச் செருக்குகளில் குலச்செருக்கையும் சாதிச்செருக்கையும் ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வைத்தெண்ணினார். புலால் மறுத்தல் நம் விரதம், புலால் உண்பவரின் முகம் பார்த்தவுடன் வீட்டு வாடகையை மறுப்பதும், பணியாளர்க்கென்று தனிக் குவளை வைப்பதும் விரதம் ஆகா, அவை செருக்கே.

நாம் செய்யத்தக்கது

மாலைப் பிரதிக்கிரமணத்தின்போது மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோம். இன்று எவரையேனும் அவர் பெயரால் அன்றி, இனத்தின் பெயரால் அழைத்தேனா? அருகிருந்தவரிடம் பேசாது, அவரைப் பற்றிப் பிறரிடம் பேசினேனா? வியப்பது போல் இழித்தேனா? பிழை உண்டெனில், உள்ளத்தில் வருந்துவதோடு நில்லாது, உரியவரிடம் சென்று பொறுத்தருள வேண்டுவோம்.

அறியாததைக் கேட்டறிதல் இழிவன்று. சைவ மடத்தில் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், சிந்தாமணியில் பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்து ஜைனரிடம் சென்று பணிவோடு கேட்டுத் தெளிந்தார். 1887-இல் அந்நூல் அச்சேறியது. பெரியவர் கேட்டதும் வினாவே, ஐயர் கேட்டதும் வினாவே. முன்னதில் விடை முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. பின்னதில் கேட்கும் செவி இருந்தது.

அன்று அவ்விளைஞரிடம் மன்னிப்பு வேண்டினேன். “பரவாயில்லை ஐயா” என்று கூறித் தம் ஊரைப் பற்றிப் பேசலானார். பேருந்து வரும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறம் வளர்க!