உள்ளே இருக்கும் வால்வு

கிடர்பூர், கல்கத்தா

மாப்பிள்ளைக்கு,

அக்கா போன் செய்தாள். மூன்று நாள் பயிற்சி முடிந்து, உன் லைசென்ஸில் அபாயகரமான சரக்கு ஓட்டும் அனுமதியும் ஏறிவிட்டதாம். அடுத்த மாதம் ஹல்தியாவில் கேஸ் லோடு ஏற்றப் போகிறாய் என்றாள். சந்தோஷம். போனில் சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது எடுத்துப் படி. காத்துக் கிடப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி.

நான் வண்டியை விட்டு இறங்கி இங்கே ஹைட் ரோடு பக்கம் பட்டறையில் உட்கார்ந்து வருஷம் பல ஆகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் ஒரு பக்கம், பஜ்பஜ் எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து வரும் பெட்ரோல் டேங்கர் ஒரு பக்கம். கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அப்படி நிற்கும்போது ஒவ்வொரு டேங்கரின் அடியையும் குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வண்டியின் பெயிண்டைப் பார்த்து முதலாளியை எடைபோட முடியாது. அடியில் குழாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேஸ் டேங்கரின், அதாவது புல்லட்டின், வால்வை நாங்கள் தொடுவதில்லை. அதைத் தகுதி பெற்ற ஆள்தான் சோதித்துச் சான்று கொடுக்கவேண்டும். பெட்ரோல் வண்டி வால்வுதான் எங்களுக்கு வேலை. இன்று காலை மேஜையில் ஒரு பாட்டம் வால்வு கிடந்தது. கைப்பிடி முழுக்க மூடின பக்கம் இருந்தது. மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. பிரித்துப் பார்த்தால், சீட்டில் உட்காரும் ரப்பர் வளையத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. டேங்குக்குள்ளிருந்து வந்த துருத்துணுக்கு செய்த வேலை. கைப்பிடி தண்டைத் திருப்பும், தண்டு தட்டை இறக்கும். தட்டு சரியாக உட்கார்ந்ததா என்பது மட்டும் வெளியே தெரியாது. அதனால் வால்வை மூடியதும் உன் வேலை முடிந்ததாக நினைக்காதே. முனையில் டம்மி மூடி போட்டு எல்லா போல்ட்டையும் முடுக்கு. நாலு போல்ட் இருக்கும் இடத்தில் ரெண்டு போட்டால் போதும் என்று ஒருவன் சொல்வான். அவன் வண்டிக்குப் பக்கத்தில் உன் வண்டியை நிறுத்தாதே.

இப்போது முக்கியமான விஷயம். உன் புல்லட்டில் வால்வு ஒன்றல்ல. நீ கையால் திருப்புவது வெளியே இருப்பது. அதற்கு முன்னால், டேங்கின் வாயிலேயே, உள்பக்கமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உள்வால்வு. ஸ்பிரிங் அதை எப்போதும் மூடித்தான் வைத்திருக்கும். லோடு ஏற்றவும் இறக்கவும் மட்டும் நெம்புகோலாலோ காற்றழுத்தத்தாலோ அதைத் திறந்து பிடிக்கவேண்டும். வெளிப்பக்க உடம்பில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் வெட்டி மெலிதாக்கி வைப்பார்கள். ஏன் தெரியுமா? ஏதாவது வந்து இடித்தால் அந்த இடத்தில் ஒடியட்டும் என்றுதான். வெளிப்பாதி பிய்த்துக்கொண்டு போகும். சீட் டேங்குக்குள் பத்திரமாக இருக்கும். நெருப்பு பட்டால் உருகி வால்வை மூடவைக்கும் ஓர் இணைப்பும் உண்டு. அமெரிக்க விதி அது 121 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடவேண்டும் என்கிறது.

இத்தனை ஏற்பாடும் உள்வால்வு மூடினால்தான் பலிக்கும். சில பேர், இறக்கும் இடத்தில் சீக்கிரம் வேலை முடியட்டும் என்று நெம்புகோலைக் கம்பியால் கட்டிவைத்துவிட்டு, வெளி வால்வை மட்டும் நம்பி ஓட்டுவார்கள். ஊருக்கு ஊர் இந்தக் கம்பிக் கட்டைப் பார்க்கலாம். அதை அவிழ்த்து எறிவதுதான் புது வண்டியில் நீ செய்யும் முதல் வேலை. மோதின பிறகு ஓடிப்போய் மூடலாம் என்பது நடக்காத காரியம்.

2024 டிசம்பர் 20-ஆம் தேதி விடியற்காலை ஜெய்ப்பூர் பக்கம் பாங்க்ரோட்டாவில் நடந்ததை நீ படித்திருப்பாய். யூ டர்ன் எடுத்த கேஸ் டேங்கர் மேல் ஒரு லாரி மோதியது. வால்வு முனைகள் உடைந்து கேஸ் கொட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் நெடுஞ்சாலையில் வரிசையாக வண்டிகள் எரிந்தன. பல பேர் உயிர் போனது. ஓட்டுநர் கெட்டிக்காரனா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, நேரம் இல்லை. வால்வு முனைகள் இருக்கும் பக்கத்தை எதிர்வரும் வண்டிக்குக் காட்டிக்கொண்டு, இருட்டில், நடுச்சாலையில் திரும்பாதே. பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை, சரியான திருப்பத்துக்குப் போ.

பெட்ரோல் வண்டியில் வேறொரு ஆபத்து உண்டு. 1997 அக்டோபரில் அமெரிக்காவில் யாங்கர்ஸ் என்ற ஊரில், மேம்பாலத்தின் கீழே ஒரு கார் பெட்ரோல் டேங்கரின் பக்கவாட்டில் போய் மோதியது. அடியில் ஓடும் குழாய்களில் தங்கியிருந்த பெட்ரோல் கொட்டித் தீப்பற்றியது. காரை ஓட்டியவர் இறந்தார், மேலே இருந்த பாலமும் நாசமானது. வால்வுக்கும் முனைக்கும் நடுவில் தங்கும் அந்தக் கொஞ்ச பெட்ரோலை யாரும் சரக்காகக் கணக்கில் எடுப்பதில்லை.

உன் பயிற்சியில் எக்ஸஸ் ஃப்ளோ வால்வு என்று சொல்லியிருப்பார்கள். குழாய் உடைந்து கேஸ் பாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பாய்ந்தால்தான் அது மூடும். குழாய் பாதி ஒடிந்திருந்தாலோ, கேஸ்கட் பிய்ந்திருந்தாலோ, ஒழுகல் அந்த வேகத்துக்குக் கீழேதான் இருக்கும். வால்வு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மூடினாலும் ஊசிமுனை அளவு கசிவை அது விடும், திரும்பத் திறக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை நம்பித் தூங்காதே.

நம்ம ஊர்ப்பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். 2025 ஜனவரி 3 அதிகாலை, கோயம்புத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து வந்த 18 டன் கேஸ் டேங்கர் திரும்பும்போது தலையிலிருந்து பிரிந்து கவிழ்ந்தது. கசிவு இருந்தது. தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், கசிவை அடைத்தார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கிரேன் வைத்துத் தூக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் அப்படி இல்லை. கவிழ்ந்த டேங்கரிலிருந்து பரவிய கேஸ் தீப்பற்றி 20 பேர் இறந்தார்கள். இரண்டும் கவிழ்ந்த வண்டிதான். கசிவு சின்னதாக இருந்ததும், சுற்றி நெருப்பு இல்லாததும், ஆட்களை நேரத்தில் விலக்கியதும் கோவையைக் காப்பாற்றின.

கசிவு வந்தால் கேஸ் மேலே போகாது. காற்றைவிடக் கனம். சாக்கடை, பள்ளம், கடைவாசல் என்று தவழும். வெள்ளைப் புகை போலத் தெரிவது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து துளியானது. கேஸ் அதையும் தாண்டிப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. செல்போனைத் தொடாமல் காற்று வரும் பக்கமாக விலகிப் போ, பிறகு போலீசுக்குச் சொல், கேஸ் அவசர எண் 1906-க்குச் சொல், முதலாளிக்குச் சொல். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வது உன் சட்டப்படியான கடமை. பயந்து வயல்வழி ஓடிப்போகிறவர்களும் உண்டு. நீ ஓடினால் அந்த வண்டியில் என்ன இருக்கிறது, எத்தனை டன், எந்த வால்வு எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. டேங்கில் ஒட்டியிருக்கும் பலகையில் 1075 என்ற எண் இருக்கிறதே, அது தீயணைப்புக்காரருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லும். மீதி உன் வாயில் இருக்கிறது.

டேங்கின் உச்சியில் இருக்கும் சேஃப்டி வால்வு பற்றி ஒன்று. அது சீறினால் பழுதாகிவிட்டது என்று நினைக்காதே, வேலை செய்கிறது. சீறும் சத்தம் ஏறிக்கொண்டே போனால் நீ நிற்கவேண்டிய இடம் அது இல்லை. கவிழ்ந்த டேங்கரில் அந்த வால்வு திரவத்துக்குள் மூழ்கியிருக்கும், அப்போது வாயுவுக்குப் பதில் திரவமே கொட்டும். அது பல மடங்கு மோசம். அந்த வால்வில் தூசி அடைத்திருக்கிறதா, முத்திரை அப்படியே இருக்கிறதா என்று ஏணி ஏறிப் பார். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்திருக்கவேண்டும்.

லோடு ஏற்றும் இடத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரு துளி ஏறவிடாதே. "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்பான் ஒருவன். பிடிக்கும்தான், காலையில். பகல் வெயிலில் திரவம் ஊதும், விரிய இடம் இல்லாவிட்டால் எந்த வால்வும் காப்பாற்றாது. 1978-இல் ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாகெஸ் என்ற கடற்கரை முகாம் அருகே வெடித்த டேங்கர் அப்படித்தான் அளவுக்கு மேல் ஏற்றி வந்தது. அதில் சேஃப்டி வால்வே கிடையாது. 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்புறம் தாபா. சாப்பிட்டு முடித்ததும் ஒருவன் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு சிலிண்டர் நிரப்பிக் கொடு, கையில் காசு என்பான். நீ நல்ல பையன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சம்பளம் தாமதமாகும் மாதத்தில்தான் அவன் வருவான். அவன் கொண்டுவரும் அடாப்டர் வால்வின் திருகுமறையைக் கெடுக்கும், உடைத்த முத்திரையை அவன் ஒட்டித்தரமாட்டான். இந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் கழற்றிய வால்வுகள் பளபளவென்று தேய்த்து விற்பனைக்கு இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி மாட்டிய வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2025 மார்ச் கடைசியில் நாமக்கல்லில் டேங்கர் முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்களே, ஞாபகம் இருக்கா? மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்ற புது டெண்டர் நிபந்தனையும் அவர்கள் எதிர்த்ததில் ஒன்று. அந்தத் தொகை அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கிளீனர் வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறக்கும்போது ஒருவன் பம்ப் பக்கம், ஒருவன் வால்வு பக்கம். அமெரிக்கச் சட்டத்தில் இறக்கும் நேரம் முழுக்க, வேலை தெரிந்த ஆள் ஒருவர் விழித்திருந்து கவனிக்கவேண்டும். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் டிரைவர் டீ குடிக்கப் போவது.

நீ சேரப்போகும் வண்டியின் வால்வுச் சோதனைச் சான்றும், டேங்கின் ஐந்து வருஷ அழுத்தச் சோதனைச் சான்றும் முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு ஏறு. தேதியைப் பார், டேங்க் எண்ணும் சான்றிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார். "அப்புறம் தரேன், நீ ஏறு" என்றால் ஏறாதே, எனக்குப் போன் போடு. ஹல்தியா லைனில் எனக்குத் தெரிந்த முதலாளிகள் இன்னும் மூன்று நாலு பேர் இருக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொல்லாதே, பயந்துவிடுவாள்.

மாமா