நெருப்புச்சுவரை ஒப்பமாக்குதல்

மொறிஸ் மைனர் கார்கள் 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தியானவை. இன்றும் நமது வீதிகளில் அவற்றைக் காண்கிறோம். அவற்றைப் புதுப்பிப்போர் வெளி நிறத்தையே முதலில் எண்ணுவர். நாம் இங்கு நோக்குவது இயந்திரத்துக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தகரச் சுவரை. வெப்பம், புகை, பெற்றோல் ஆவி, தீ என்பன உள்ளே வராமல் தடுப்பது அதுவே.

மைனரில் பற்றறி இச்சுவரோடு அமைந்த தட்டில் இருக்கும். அமிலம் சிந்தி அவ்விடம் கறள் பிடிக்கும். முன்பு துளைத்துக் கைவிட்ட துவாரங்களும் இருக்கும். இவற்றின்மேல் பட்டி அப்பித் தேய்த்தால் பார்வைக்கு ஒப்பமாகும். ஆனால் அதிர்வில் பட்டி வெடித்து விழும்.

செய்யவேண்டியவை:

1. பற்றறி, பெற்றோல் குழாய்கள், உட்புற விரிப்பு ஆகியவற்றை அகற்றுவோம். வெல்டிங் செய்யும்போது மறுபக்கமும் தீப்பற்றலாம்.

2. அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலத்தைக் கழுவுவோம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். ஆகவே முகமூடி அணிந்து, நனைத்தே தேய்ப்போம்.

3. கறள் பிடித்த பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டுவோம். அதே தடிப்புள்ள துண்டை, இடம்மாற்றி, புள்ளி புள்ளியாக ஒட்டுவோம். ஒரே இழுப்பில் ஒட்டினால் சூட்டில் தகரம் நெளியும்.

4. ஒட்டை அராவி மட்டமாக்கி, கறள்தடுப்புப் பூச்சுப் பூசுவோம். பட்டி 3 மி.மீ.க்கு மேற்படலாகாது.

5. வயர் செல்லும் துவாரங்களுக்கு ரப்பர் வளையம் இடுவோம்.

பட்டி வைக்குமுன் ஒரு சோதனை: இரவில் இயந்திரப் பக்கம் விளக்கைப் பிடித்து உள்ளிருந்து பார்ப்போம். ஒளி வரும் வழியால் புகையும் வரும். அதை மறைக்கப் போகிறோமா, அடைக்கப் போகிறோமா?