நியூயார்க் தூங்கும்போது விலையை ஆட்டுவது யார்?

கேள்வி: எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். நாஸ்டாக் 100 இ.டி.எஃப். யூனிட் கொஞ்சம் வைத்திருக்கிறேன். காலை பத்து மணி டீ நேரத்தில் பார்த்தால் விலை இறங்கியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குள் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் அப்போது நடு ராத்திரி, சந்தையே மூடிக் கிடக்கிறது. பிறகு எப்படி? ஏதாவது தில்லுமுல்லா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தில்லுமுல்லு இல்லை. உங்களுக்குக் காசிமேடு பக்கம்தானே, அங்கே ஒரு நடை போய் வருவோம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சு என்று செய்தி வந்ததும், ஐஸ் பெட்டியில் ஏற்கெனவே கிடக்கிற வஞ்சிரத்தின் விலை ஏறிவிடும். மீன் அதே மீன்தான். நாளைக்குப் படகு போகாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் யூனிட்டிலும் இதுதான் நடக்கிறது. நியூயார்க் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்குத் திறந்து 1.30க்கு மூடும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நம் பங்குச் சந்தையில் உங்கள் யூனிட் கைமாறுவது காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. இரண்டு சந்தையும் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து திறந்திருப்பதில்லை. ஆனால் சிகாகோவில் நடக்கும் நாஸ்டாக் 100 ஃபியூச்சர்ஸ், அதாவது குறியீட்டின் வருங்கால விலையை இன்றே பேசிக்கொள்ளும் வியாபாரம், வார நாள்களில் ஏறக்குறைய 23 மணி நேரம் ஓடுகிறது. நம் ஊரில் விலை கேட்பவர்களின் கண் அதன் மேல்தான். 2024 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆனாலும் நாஸ்டாக் ஃபியூச்சர்ஸ் கூடவே சரிந்தது. அன்று இரவு நியூயார்க் சந்தை திறந்ததே பெரும் சரிவோடுதான்.

இரண்டாவது காரணம், டாலர். ஃபண்டின் சொத்து டாலரில் இருக்கிறது, நீங்கள் கொடுப்பது ரூபாய். பேச்சுக்கு, டாலர் 85 ரூபாயிலிருந்து 86 ஆனால், நாஸ்டாக் அசையாமல் நின்றாலும் உங்கள் யூனிட்டின் மதிப்பு 1.2 சதவீதம் கூடும். ஜூலை 4 அன்று அமெரிக்காவுக்கு விடுமுறை, ரூபாய்க்கு விடுமுறை கிடையாது.

இந்த இரண்டும் நியாயமான அசைவுகள். நீங்கள் கவலைப்பட வேண்டியது மூன்றாவதைப் பற்றி.

மறுபடி காசிமேட்டுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு கொண்டுவருவதும் வெளியூர்ச் சரக்கும்தான். வாங்குகிற கூட்டமோ குறையாது. இ.டி.எஃப்.பிலும் ஒரு தடைக்காலம் வந்தது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போட 700 கோடி டாலர், வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் போடத் தனியாக 100 கோடி டாலர் என்று வரம்பு வைக்கப்பட்டிருந்தது. முதல் வரம்பு நெருங்கியதும் 2022 பிப்ரவரியில் புது முதலீட்டை நிறுத்தச் சொன்னது, சந்தையை மேற்பார்க்கும் செபி. சாதாரண நாளில் இ.டி.எஃப். விலை எகிறினால், மார்க்கெட் மேக்கர்கள் எனப்படும் பெரு வியாபாரிகள் ஃபண்டு நிறுவனத்திடம் புது யூனிட் வாங்கி வந்து விற்பார்கள், விலை இறங்கிவிடும். வரம்பு முட்டினால் புது யூனிட் வராது. இருக்கிற யூனிட்டுக்கே போட்டி. அதனால் நாஸ்டாக் இ.டி.எஃப்.கள் அசல் மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் அதிகமான விலையில் கைமாறிய நாள்கள் உண்டு.

பேச்சுக்கு, 150 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை 170 கொடுத்து வாங்குகிறீர்கள். நாளைக்கே வரம்பு தளர்ந்து புது யூனிட் வந்தால், அமெரிக்காவில் ஒரு பங்குகூட விழாமலே அந்த 20 ரூபாய் கரையலாம். கிட்டத்தட்ட 12 சதவீத நஷ்டம். ஜூன் 13ஆம் தேதி தடைக்கால விலைக்கு வஞ்சிரத்தை வாங்கி ஃப்ரீசரில் அடுக்கிவைத்தவர் கதைதான்.

அதனால் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ-என்.ஏ.வி. என்று ஓர் எண் சந்தை நேரம் முழுக்க ஓடும். அந்த நேரத்து உத்தேச மதிப்பு அது. திரையில் தெரியும் விலையை அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் என்றால் பரவாயில்லை. எட்டு, பத்து என்றால் அன்றைக்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே விற்கிற எண்ணம் இருந்தால் உங்களுக்கு நல்ல நாள். எப்போது வாங்கினாலும் 'மார்க்கெட்' ஆர்டர் போடாமல், விலையை நீங்களே குறித்து 'லிமிட்' ஆர்டர் போடுங்கள்.

பகல் முழுக்க ஆடும் விலையைப் பார்த்தாலே பதற்றம் என்றால், சாதாரண மியூச்சுவல் ஃபண்டு வழி உண்டு. அதற்கு நாளுக்கு ஒரே என்.ஏ.வி., அதாவது ஒரே யூனிட் மதிப்புதான். வெளிநாட்டு ஃபண்டுகளுக்கு அதை அடுத்த வேலைநாள் காலை 10 மணிக்குள் வெளியிட வேண்டும். அந்த என்.ஏ.வி.க்கே யூனிட் கிடைக்கும், சந்தையில் போட்டி போட்டுக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் புது முதலீட்டை இப்போது வாங்கிக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.